உப்பும் பனிக்கட்டியும் சொன்ன பாடம்

பத்தாம் வகுப்பில் ‘உடல்நலம் மற்றும் நோய்கள்’ பாடத்தில் புற்றுநோய்ப் பகுதியை நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான்.

“சார், எங்க தாத்தாவுக்கு புராஸ்டேட்ல புத்துநோயாம். உறைய வச்சே கொன்னுரலாம்னு மாமா சொல்லுதாவ. நெசமா சார்?”

அது எந்த உறுப்பு என்று ஒருவன் கேட்க, மற்றொருவன் காதோடு ஏதோ சொல்ல, வகுப்பே சிரித்தது. கேட்டவன் தலையைக் குனிந்துகொண்டான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டில் அப்பா இரவில் நான்கைந்து முறை எழுந்து கொல்லைப்புறம் போவார். “வயசானா அப்படித்தாம்ல” என்பார். அறிவியல் ஆசிரியரான நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. முதுகுவலி என்று பரிசோதித்தபோது புராஸ்டேட் புற்றுநோய் எலும்புவரை பரவியிருந்தது. கூச்சத்தால் ஒரு வீடே பேசாமல் இருந்ததன் விலை அது. எனவே, மாணவனின் கேள்வியை ஒதுக்காமல் மறுநாள் இரண்டு பாடவேளைகளை அதற்கே ஒதுக்கினேன். அதை இங்கே பகிர்கிறேன்.

செயல்பாடு 1: உப்பும் பனிக்கட்டியும்

நொறுக்கிய பனிக்கட்டி மூன்று பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு ஒரு பாத்திரத்தில் கலந்து, நடுவே நீர் நிரம்பிய சோதனைக் குழாயை வைத்தோம். வெப்பநிலைமானி பூச்சியத்துக்குக் கீழே இறங்கியது. குழாய் நீர் உறைந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்து மருத்துவர் ஜேம்ஸ் ஆர்னாட், இதே கலவையைக் கொண்டுதான் மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றின் கட்டிகளைக் குளிரச்செய்து வலியைக் குறைத்தார் என்றேன். வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

செயல்பாடு 2: தக்காளி

முந்தின இரவு உறைபெட்டியில் வைத்த தக்காளியையும் சாதாரணத் தக்காளியையும் கொண்டுபோயிருந்தேன். உறைந்தது இளகியதும் தொளதொளத்து நீர் வடிந்தது. “செல்லு உடைஞ்சிருச்சு சார்” என்றாள் ஒரு மாணவி. அதுதான் விடை.

திசு உறையும்போது முதலில் செல்லுக்கு வெளியே உள்ள நீர் பனியாகிறது. அது செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுப்பதால் செல் வற்றுகிறது. மேலும் குளிர்ந்தால் உள்ளேயும் பனிப்படிகங்கள் உண்டாகி செல் சவ்வைக் கிழிக்கின்றன. இளகும்போது நீர் உள்ளே பாய்ந்து செல் வெடிக்கிறது. நுண்ணிய இரத்தக் குழாய்களும் அடைபடுவதால் தப்பிய செல்களுக்கும் உணவு கிடைப்பதில்லை. ஆகவேதான் உறைதல், இளகுதல் என்பதை இரண்டு சுற்று செய்கிறார்கள்.

புராஸ்டேட்டில் செய்வது எப்படி?

சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்ப் புறவழியைச் சுற்றி, நெல்லிக்காய் அளவில் அமைந்த சுரப்பி இது. பின்னால் மலக்குடல்; இருபுறமும் நரம்புகள். இந்த நெருக்கடிதான் சிகிச்சையின் சிக்கல்.

1961இல் நியூயார்க்கில் இர்விங் கூப்பர் திரவ நைட்ரஜன் ஓடும் உலோகக் கருவியை மூளை அறுவைக்காக உருவாக்கினார். அதன் கொதிநிலை −196 °C. அந்தப் பத்தாண்டிலேயே அம்முறை புராஸ்டேட்டுக்கும் வந்தது. ஆனால் பனி எங்கே பரவுகிறது என்று பார்க்க வழியில்லாததால் பக்க உறுப்புகள் பாதிக்கப்பட்டன. பின்னர் அல்ட்ராசவுண்ட் வந்தது; பனி உருண்டை வளர்வது திரையில் தெரிந்தது.

இப்போது மெல்லிய ஊசிகளில் ஆர்கான் வாயு செலுத்தப்படுகிறது. உயர் அழுத்தத்தில் உள்ள வாயு நுண்துளை வழியே விரியும்போது குளிர்கிறது. இது ஜூல்–தாம்சன் விளைவு. அறை வெப்பநிலையில் ஹீலியம் மாறாக வெப்பமடையும். எனவே இளக்குவதற்கு அதைப் பயன்படுத்துவதுண்டு. கட்டி இருக்கும் இடம் −40 °C வரை குளிர வேண்டும். உருண்டையின் விளிம்பில் சுமார் 0 °C தான் என்பதால், பனி கட்டியைத் தாண்டியும் பரவ வேண்டும். அந்நேரம் சிறுநீர்ப் புறவழியில் வெதுவெதுப்பான நீர் ஓடும் குழாயை வைத்து அதைக் காக்கிறார்கள்.

முழுச் சுரப்பியையும் அகற்றாமல், நோயுள்ள பகுதியை மட்டும் உறைய வைத்து மற்றதைக் காக்கவும் இம்முறையால் முடியும்.

திண்டுக்கல் காட்டிய வழி

உறுப்பைக் காத்து நோயை உறையவைப்பது நமக்குப் புதிதல்ல. 2000ஆம் ஆண்டு தொடங்கி திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கருப்பை வாய்ப் பரிசோதனை நடந்தது. அமிலம் தடவிப் பார்க்கும் எளிய முறை அது. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் தெரிந்தவர்களில் ஏற்றவர்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்களே உறையவைக்கும் சிகிச்சை அளித்தனர். 2007இல் வெளியான முடிவுப்படி, பரிசோதனை நடந்த ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் நேரும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன. வென்றது குளிர் மட்டுமன்று. வெட்கத்தை விட்டுப் பெண்கள் பரிசோதனைக்கு வந்ததும்தான்.

எல்லாருக்கும் பொருந்துமா?

இல்லை என்பதை மாணவர்களிடம் மறைக்கவில்லை. நோய் சுரப்பிக்குள் அடங்கியிருந்தால்தான் இது பயன்படும். எங்கள் அப்பாவுக்கு உதவியிருக்காது. புராஸ்டேட் புற்றுநோய் ஒரே சுரப்பியில் பல இடங்களில் தோன்றலாம். எனவே சிகிச்சைக்குப் பிறகும் தொடர்ந்த பரிசோதனை தேவை. ஆண்மைக் குறைவு, சிறுநீர்ச் சிக்கல் வரக்கூடும். அறுவையும் கதிர்வீச்சுமே இன்றும் முதன்மைச் சிகிச்சைகள். மெதுவாக வளரும் நோயைக் கண்காணித்தாலே போதும் என்பதும் உண்டு.

இரவில் அடிக்கடி சிறுநீர் போவது பெரும்பாலும் வயதால் வரும் சாதாரண வீக்கமாகவே இருக்கும். பி.எஸ்.ஏ. இரத்த அளவு கூடினாலும் அது புற்றுநோய்தான் என்று பொருளல்ல. ஆரம்பநிலைப் புற்றுநோய்க்கு அறிகுறியே இல்லாமலும் இருக்கலாம். எனவே ஊகிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பாடம் முடிந்ததும் அந்த மாணவன் மூன்று கேள்விகளை நோட்டில் எழுதிக்கொண்டான். நோய் சுரப்பிக்குள் இருக்கிறதா? எவ்வளவு வேகமாக வளர்கிறது? எங்களுக்கு உள்ள வழிகள் என்னென்ன? சில வாரங்கள் கழித்து வந்து, “தாத்தாவுக்குக் கதிர்வீச்சுதான் சரின்னு சொல்லிட்டாவ சார். மூணு கேள்வியையும் தாத்தாவே கேட்டாவ” என்றான். இம்முறை வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

ஆசிரிய நண்பர்களே, உறுப்பின் பெயரை நாம் தயங்காமல் சொன்னால், மாணவர்கள் அதை வீட்டில் தயங்காமல் கேட்பார்கள்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. உறைந்து இளகிய தக்காளியில் நீர் வடிவது ஏன்?
2. பனி உருண்டை கட்டியை விடப் பெரிதாக இருக்க வேண்டியது ஏன்?
3. பரவிவிட்ட புற்றுநோய்க்கு இச்சிகிச்சை ஏன் பொருந்தாது?