வலையமைப்பில் பகிரப்பட்ட கோப்புறைகளின் அனுமதிகளைக் கட்டளை வரி மூலம் முகாமை செய்தல்

மாணவர்களே, இப்பாடத்தைக் கணினியில் அன்றி, கொழுந்து மடுவத்தில் தொடங்குவோம். உங்களில் பலருக்கு அவ்விடம் நன்கு தெரியும். தராசில் நிறுத்த கொழுந்தின் நிறையைக் கணக்கப்பிள்ளை எழுதுகிறார். கொழுந்து பறித்தவர் தமது பெயருக்கு எதிரே எத்தனை கிலோ விழுந்தது என்று பார்க்கலாம், எழுத முடியாது. காரியாலயக் கிளாக்கர் அதனைச் செக்ரோலில் சேர்க்கிறார். ஒரு பதிவேட்டைச் சிலர் வாசிக்கலாம், சிலர் எழுதலாம், சிலர் தொடவே கூடாது. யார் எதைச் செய்யலாம் என்ற இந்த வரையறையே அணுகல் அனுமதி எனப்படும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க. அனுமதி என்றவுடன் பலர் தடுப்பதை மட்டுமே நினைக்கின்றனர். தனது நிறையைப் பார்க்க முடியாதவருக்கும் நட்டமே. வாசிக்க வேண்டியவருக்கு வாசிப்பைக் கொடுப்பதும் எழுதக் கூடாதவருக்கு எழுத்தைக் கொடுக்காமல் விடுவதும் சம அளவு முக்கியமானவை.

இனி ஆய்வுகூடத்துக்கு வருவோம். ஒரு பாடசாலையில் பத்துக் கணினிகள் வலையமைப்பில் இணைக்கப்பட்டுள்ளன எனக் கொள்க. அவற்றுள் ஒன்று சேவையகமாகப் பயன்படுகிறது. அதன் டீ இயக்கியில் ‘பாடம்’ என்ற கோப்புறையில் மாணவரின் செயற்றிட்டங்களும், ‘புள்ளி’ என்ற கோப்புறையில் பாடசாலை மட்டக் கணிப்பீட்டுப் புள்ளிகளும் உள்ளன. பாடம் கோப்புறையில் மாணவர் எழுத வேண்டும். புள்ளிக் கோப்புறையை ஆசிரியர் தவிர எவரும் திறக்கக் கூடாது. பெரும்பாலான இடங்களில் நடப்பது என்ன? ‘எல்லோருக்கும் முழு அதிகாரம்’ என்று கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என எழுந்து விடுகின்றனர். அது வசதியான வழி, பிழையான வழி.

இரண்டு கதவுகள்

வின்டோஸ் பணிசெயல் முறைமையில் வலையமைப்பு வழியாக வரும் ஒருவர் இரண்டு கதவுகளைத் தாண்ட வேண்டும். முதலாவது, பகிர்வு அனுமதி. இது தோட்டத்துத் தொழிற்சாலை வாசலில் நிற்கும் வாச்சர் போன்றது. இதில் வாசித்தல், மாற்றுதல், முழு அதிகாரம் என மூன்று படிகள் மட்டுமே உண்டு. இரண்டாவது, கோப்பு முறைமை அனுமதி. இது உள்ளே ஒவ்வோர் அறைக்கும் போடப்பட்ட பூட்டு. 1993 இல் வெளிவந்த வின்டோஸ் என்.ரீ. உடன் அறிமுகமான என்.ரீ.எப்.எஸ். என்ற கோப்பு முறைமையில்தான் இப்பூட்டு உண்டு. எப்.ஏ.ரீ.32 முறையில் வடிவமைத்த வட்டில் அறைகளுக்குப் பூட்டே கிடையாது. பழைய கணினிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதுவே.

விதி:- இரண்டு கதவுகளும் அனுமதிக்கும் செயல் மட்டுமே நடைபெறும். வாசலில் ‘வாசித்தல்’ மட்டும் கொடுத்துவிட்டு அறைக்குள் முழு அதிகாரம் கொடுத்தாலும் வலையமைப்பில் வருபவர் வாசிக்கவே முடியும்.

இதில் மாணவர் தவறவிடும் இடம் ஒன்றுண்டு. சேவையகத்தின் விசைப்பலகை முன்னேயே அமர்ந்திருப்பவர் வாசலைத் தாண்டுவதில்லை. அவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார். அவருக்கு அறைப்பூட்டு மட்டுமே பொருந்தும். ஆகவே பகிர்வு அனுமதியை மட்டும் நம்பிப் புள்ளிக் கோப்புறையைப் பாதுகாக்க முடியாது.

கட்டளை வரி ஏன்?

சுட்டியால் சொடுக்கியும் இவற்றைச் செய்யலாம் என்பது உண்மை. ஆயின் நாற்பது மாணவருக்கு நாற்பது கோப்புறைகள் எனில் எத்தனை சொடுக்கல்கள்! மேலும் வின்டோஸ் எக்ஸ்.பீ. யின் வீட்டுப் பதிப்பில் அறைப்பூட்டை மாற்றும் பக்கமே சாதாரண நிலையில் காட்டப்படவில்லை. அக்கணினிகளில் கட்டளை வரியே எங்களுக்குக் கைகொடுத்தது. சீஎம்டி எனத் தட்டச்சுச் செய்ததும் திறக்கும் கறுப்புத் திரையே அது. அனுமதிகளை மாற்றும்போது அதனை நிர்வாகியாகத் திறக்க வேண்டும்.

குறிப்பு:- கீழே கட்டளைகள் ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. திரையில் ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சுச் செய்க. ஐகெக்ல்ஸ் என்பதன் எழுத்துகள் ஐ, சீ, ஏ, சீ, எல், எஸ் என ஆறு. முதல் எழுத்தான ஐ இல்லாத ஐந்தெழுத்துக் கட்டளை கெக்ல்ஸ், அது பழையது.

முதலில் குழுக்களை அமைப்போம்.

நெட் லோக்கல்குரூப் மாணவர் /அட்
நெட் யூசர் மா1 * /அட்
நெட் லோக்கல்குரூப் மாணவர் மா1 /அட்

இரண்டாம் வரியிலுள்ள உடுக்குறி, கடவுச்சொல்லைத் திரையில் காட்டாமல் கேட்டுப் பெறுவதற்காகும். ‘ஆசிரியர்’ குழுவையும் இவ்வாறே அமைக்க. அனுமதியை எப்போதும் குழுவுக்கே கொடுக்க வேண்டும். ஓர் ஆசிரியர் மாற்றலாகிப் போனால் குழுவிலிருந்து பெயரை நீக்கினால் போதும். நூறு கோப்புறைகளில் அவர் பெயரைத் தேட வேண்டியதில்லை. குழுவில் புதிதாகச் சேர்க்கப்பட்டவர் ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். குழு உறுப்புரிமை உள்நுழையும் வேளையிலேயே கணிக்கப்படுவதே காரணம். “சேர்த்தும் வேலை செய்யவில்லை சேர்” என்று வரும் முறைப்பாடுகள் பெரும்பாலும் இதனால்தான்.

அடுத்து வாசற்கதவு.

நெட் ஷெயார் பாடம்=டீ:\பாடம் /கிராண்ட்:எவ்ரிவன்,சேஞ்ச்

முழு அதிகாரம் கொடுக்காமல் ‘மாற்றுதல்’ மட்டும் கொடுத்தது ஏன்? ஒரு கோப்பை உருவாக்கியவரே அதன் உரிமையாளர். உரிமையாளருக்குத் தனது கோப்பின் அனுமதிகளை மாற்றும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. வாசலில் முழு அதிகாரம் இருந்தால் ஒரு மாணவர் தனது இடத்திலிருந்தே ஆசிரியரைத் தனது கோப்பிலிருந்து விலக்கி விடலாம். ‘மாற்றுதல்’ என்ற படி, எழுதவும் அழிக்கவும் விடும். அனுமதிகளை மாற்ற விடாது. எக்ஸ்.பீ. காலத்திலிருந்து புதிய பகிர்வொன்றின் இயல்புநிலை எல்லோருக்கும் ‘வாசித்தல்’ ஆகும். அதற்கு முந்திய வின்டோஸ் 2000 இல் அது எல்லோருக்கும் முழு அதிகாரமாக இருந்தது.

இனி அறைப்பூட்டு. ஐகெக்ல்ஸ் கட்டளையில் ஆர் என்பது வாசித்தல், ஆர்எக்ஸ் என்பது வாசித்தலும் இயக்குதலும், டபிள்யூ என்பது எழுதுதல், எம் என்பது அழித்தல் உட்பட மாற்றியமைத்தல், எப் என்பது முழு அதிகாரம்.

ஐகெக்ல்ஸ் டீ:\பாடம் /இன்ஹெரிட்டன்ஸ்:ஆர் /கிராண்ட் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்:(ஓஐ)(சீஐ)எப் /கிராண்ட் ஆசிரியர்:(ஓஐ)(சீஐ)எம் /கிராண்ட் மாணவர்:ஆர்எக்ஸ்

இது ஒரே வரியாகும். இன்ஹெரிட்டன்ஸ்:ஆர் என்பது மேலிருந்து வழிவழியாக வந்த அனுமதிகளை அகற்றுகிறது. ஓஐ, சீஐ என்ற இரண்டும் உள்ளே வரும் கோப்புகளுக்கும் கோப்புறைகளுக்கும் அனுமதி இறங்க வேண்டும் என்பதைக் குறிக்கும். மாணவர் குழுவுக்கு அவ்விரண்டும் இல்லை என்பதைப் பார்த்தீர்களா? அவர்கள் பாடம் கோப்புறையின் பட்டியலைக் காணலாம். அடுத்தவரின் கோப்புறைக்குள் போக முடியாது. மா1 முதல் மா40 வரை பெயரிட்ட கோப்புறைகளையும் பயனர்களையும் உருவாக்கிய பின், அவரவர் கோப்புறையை அவரவருக்கு இவ்வாறு திறந்து விடலாம்.

ஃபோர் /எல் %ஐ இன் (1,1,40) டூ ஐகெக்ல்ஸ் டீ:\பாடம்\மா%ஐ /கிராண்ட் மா%ஐ:(ஓஐ)(சீஐ)எம்

நாற்பது பேர், ஒரு வரி. புள்ளிக் கோப்புறைக்கு மேலே தந்த நீண்ட வரியில் மாணவர் பகுதியை மட்டும் விட்டுவிடுக. பெயர் சொல்லப்படாதவருக்கு அனுமதி இல்லை. ஆகவே தனியாக மறுப்புப் போட வேண்டியதில்லை. மறுப்பை இயன்றவரை தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. ஒரே கோப்புறையில் நேரடியாக இடப்பட்ட அனுமதியும் மறுப்பும் மோதினால் மறுப்பே வெல்லும். மாணவர் குழுவுக்கு இட்ட மறுப்பு, அதே குழுவில் தவறுதலாகச் சேர்ந்திருக்கும் ஆசிரியரையும் வெளியே நிறுத்திவிடும்.

நான் செய்த பிழை

நான் கலைப்பட்டதாரி. கணினியைப் பல்கலைக்கழகத்தில் படித்தவன் அல்லன். கெடுத்துத் திருத்திப் படித்தவன். 2011 இல் எமது வகுப்பில் எக்ஸ்.பீ. கணினிகள் இருந்தன. அதில் ஐகெக்ல்ஸ் இல்லை, கெக்ல்ஸ் மட்டுமே. ஒரு வெள்ளி இரவு, மாணவருக்கு மாதிரி வினாத்தாள்களை வாசிக்கும் அனுமதியைச் சேர்க்க எண்ணி, முழுப் பாடம் கோப்புறைக்கும் கட்டளையைக் கொடுத்தேன். கெக்ல்ஸில் /ஈ என்ற தெரிவை இட்டால்தான் இருக்கும் பட்டியலில் புதியது சேரும். இடாவிட்டால் பழைய பட்டியல் முழுவதும் அழிந்து புதியது மட்டும் நிற்கும். நான் இடவில்லை. கணினி “உறுதியா?” என்று கேட்டது. ஆம் என்றேன்.

சனி காலை லுணுகலையிலிருந்தும் பசறையிலிருந்தும் முதல் பஸ்ஸில் வந்த பிள்ளைகள் செயற்றிட்டத்தைத் திறந்தனர், திறந்தது. திருத்தினர். சேமிக்கப் போனபோது அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தது. மூன்று மணித்தியால வகுப்பு. பஸ் காசு கொடுத்து வந்தவர்கள். நானும் நிர்வாகியாகத் திறந்து பார்த்தேன். எனக்கும் மறுப்புத்தான், ஏனெனில் என் பெயரும் பட்டியலில் இல்லை. நிர்வாகிகள் ஒரு கோப்பின் உரிமையைத் தம்மிடம் எடுத்துக்கொள்ள முடியும் என்பது தெரிந்திருந்ததால் கோப்புறை கோப்புறையாக உரிமையை எடுத்து அனுமதிகளை மீண்டும் எழுதினேன். முடிக்கும்போது பிற்பகல் நான்கு மணி. கோப்பு ஒன்றேனும் அழியவில்லை. பிள்ளைகளின் ஒரு சனிக்கிழமை போய்விட்டது.

வின்டோஸ் விஸ்ராவிலிருந்து கிடைக்கும் ஐகெக்ல்ஸில் இந்த ஆபத்துக் குறைவு. /கிராண்ட் என்றால் சேர்க்கும். /கிராண்ட்:ஆர் என்றால் மட்டும் அப்பெயருக்குரிய பழைய அனுமதியை மாற்றிவிடும். அத்துடன் கை வைப்பதற்கு முன் இருப்பதைச் சேமிக்கலாம்.

ஐகெக்ல்ஸ் டீ:\பாடம் /சேவ் சீ:\பழையது /ரீ
ஐகெக்ல்ஸ் டீ:\ /ரெஸ்ரோர் சீ:\பழையது

இங்கே /ரீ என்பது உள்ளேயுள்ள அனைத்தையும் குறிக்கும். மீட்கும் வரியில் பாடம் என்று எழுதாமல், அதற்கு மேலேயுள்ள டீ:\ தரப்பட்டுள்ளதை அவதானிக்க. இதில் பிழை விடுவோர் மிகப் பலர்.

அனுமதி போலத் தோன்றி அனுமதியல்லாத ஒரு தடையும் உண்டு. எக்ஸ்.பீ. யின் தொழில்முறைப் பதிப்பு ஒரே வேளையில் 10 இணைப்புகளையே ஏற்கும். வீட்டுப் பதிப்பு 5. வின்டோஸ் 7 இலிருந்து அது 20. இருபத்தோராவது பிள்ளைக்குக் கதவு திறக்காவிட்டால் கோப்புறையின் பட்டியலில் பிழை தேட வேண்டாம்.

இன்னொன்று. பூட்டப்படாத கதவு, உள்ளே வா என்ற அழைப்பு அன்று. இலங்கையின் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி அதிகாரமின்றிக் கணினியை அணுகுதல் குற்றமாகும். “கோப்புறை திறந்துதானே கிடந்தது” என்று சொல்லித் தப்ப எண்ண வேண்டாம்.

லினக்ஸில்

லினக்ஸ் சேவையகத்தை வின்டோஸ் கணினிகளுடன் பகிர்வதற்குச் சம்பா என்ற மென்பொருள் பயன்படுகிறது. அவுஸ்திரேலியாவில் அன்ட்ரூ ட்ரிட்ஜெல் 1992 இல் தொடங்கிய பணி இது. இங்கும் இரண்டு கதவுகளே: சம்பாவின் அமைப்புக் கோப்பு வாசல், லினக்ஸின் கோப்பு அனுமதி அறைப்பூட்டு. அறைப்பூட்டு இலக்கங்களால் எழுதப்படும். வாசித்தல் 4, எழுதுதல் 2, இயக்குதல் 1. உரிமையாளர், குழு, ஏனையோர் என மூன்று இலக்கங்கள்.

சீஎச்மொட் 750 பாடம்

7 = 4+2+1, உரிமையாளருக்கு எல்லாம். 5 = 4+1, குழுவுக்கு வாசித்தலும் இயக்குதலும். 0, ஏனையோருக்கு எதுவுமில்லை. துவித எண்ணில் 111 101 000. கோப்புறைக்கு ‘இயக்குதல்’ என்பது உள்ளே நுழையும் அனுமதியாகும்.

மாதிரி வினாக்கள்

1. பகிர்வு அனுமதி: எவ்ரிவன் – வாசித்தல். கோப்பு முறைமை அனுமதி: ஆசிரியர் – எம். ஆசிரியர் ஒருவர் (அ) வேறொரு கணினியிலிருந்து, (ஆ) சேவையகத்தில் அமர்ந்து, புள்ளிகளைச் சேமிக்க முயல்கிறார். விளைவு யாது?

விடை:- (அ) சேமிக்க முடியாது. வாசலில் வாசித்தல் மட்டுமே உண்டு. (ஆ) சேமிக்கலாம்; பகிர்வு அனுமதி இங்கு பொருந்தாது. (அ) வில் பலர் எம் என்பதைப் பார்த்ததும் ‘முடியும்’ என எழுதிப் புள்ளியை இழக்கின்றனர்.

2. ஒரு மாணவர், ஆர்எக்ஸ் கொண்ட ‘மாணவர்’ குழுவிலும் எம் கொண்ட ‘செயற்றிட்டம்’ குழுவிலும் உள்ளார். பகிர்வு அனுமதி மாற்றுதல். அவர் வலையமைப்பின் ஊடாக எழுதலாமா? ‘மாணவர்’ குழுவுக்கு அதே கோப்புறையில் எழுதுதல் மறுக்கப்பட்டால்?

விடை:- எழுதலாம், குழுக்களின் அனுமதிகள் ஒன்றுசேரும், வாசலும் அதனைத் தடுக்கவில்லை. மறுப்பு இடப்பட்டால் எழுத முடியாது.

3. 640 என அமைந்த கோப்பில் குழுவினரும் எழுத வேண்டும். ஏனையோரின் நிலை மாறக் கூடாது. புதிய எண் யாது?

விடை:- குழுவின் 4 உடன் எழுதுதலுக்குரிய 2 சேர 6 ஆகும். ஆகவே 660. இயக்குதல் கேட்கப்படாததால் 670 என எழுதுவது பிழை.