ஸ்லோமோஷன்: கேமரா பார்த்ததும் பார்க்காததும்

கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை ஸ்லோமோஷனில் நடந்து வருவதைப் பார்த்து, நாமும் செல்போனில் முயன்றிருப்போம். நம்முடையது மட்டும் ஏன் விட்டுவிட்டுத் துள்ளுகிறது? கணக்கு ரொம்ப சிம்பிள்.

செல்போன் சாதாரணமாக வினாடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 படங்கள் எடுக்கிறது. அதை 8 மடங்கு மெதுவாக ஓட்டினால் வினாடிக்கு நாலு படம்கூடத் தேறாது. அப்புறம் துள்ளாமல் என்ன செய்யும்? ஆகவே எடுக்கும்போதே படங்களை அதிகமாக எடுக்க வேண்டும். பல போன்களில் ஸ்லோமோஷன் பகுதியில் 120, 240 என்று இருக்கும். 240-ல் எடுத்து 30-ல் ஓட்டினால் 1 வினாடி 8 வினாடியாக நீளும்; துள்ளல் இருக்காது.

ஒரு எச்சரிக்கை. 240-ல் ஒரு படத்துக்குக் கிடைப்பது அதிகபட்சம் 1/240 வினாடிதான். எனவே நல்ல வெயிலில் எடுங்கள். டியூப் லைட்டில் எடுத்தால் படம் சிமிட்டும். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் விளக்கு வினாடிக்கு 100 தடவை மங்கி எரிகிறது.

"30-லயே எடுத்துட்டேனே, என்ன பண்றது?" என்கிறீர்களா? சில எடிட்டிங் சாஃப்ட்வேர்களில் 'ஆப்டிகல் ஃப்ளோ' உண்டு. இரண்டு படங்களுக்கு நடுவே என்ன இருந்திருக்கும் என்று கணித்து, இல்லாத படங்களை அதுவே வரைந்து சேர்க்கும். வழவழவென்று ஓடும். அங்கேதான் நான் மாட்டினேன்.

விளையாட்டு விழாவில் 100 மீட்டர் ஓட்டம். ஜெயித்தது என் ரூம்மேட்டா, பக்கத்து லேன்காரரா என்று தகராறு. என்னிடம் 30-ல் எடுத்த வீடியோ இருந்தது. ஆப்டிகல் ஃப்ளோ போட்டேன். ரூம்மேட்டின் மார்புதான் முதலில் கோட்டைத் தாண்டியது! பி.டி. சாரிடம் ஓடினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "தம்பி, இது கேமரா பார்த்ததா, கம்ப்யூட்டர் வரைஞ்சதா?"

வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடுகிறவன் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே சுமார் 27 செ.மீ. கடந்துவிடுகிறான். வெற்றியும் தோல்வியும் அந்த 27 செ.மீ.க்குள் கிடந்தன. என் கேமரா அதைப் பார்க்கவே இல்லை.

"வரைஞ்சது சார்" என்றேன். கோட்டில் நின்ற நடுவரின் தீர்ப்பே நின்றது. ரூம்மேட்டுக்கு இரண்டாம் பரிசு. என்னிடம் ரெண்டு நாள் பேசவில்லை.

அழகுக்காக ஆப்டிகல் ஃப்ளோ போடுங்கள், தப்பே இல்லை. சாட்சி வேண்டுமென்றால் 240-ல் எடுங்கள். அந்த இடைவெளி சுமார் 3.3 செ.மீ.யாகச் சுருங்கிவிடும். அடுத்த வருஷம் கோட்டுக்கு நேர் பக்கவாட்டில் ஸ்டாண்டோடு நான் நிற்பேன். ரூம்மேட்டும் ஓடுவதாகச் சொல்லியிருக்கிறான்!