குதிரையும் நாயும் உள்ள வீட்டுக்கு 13 குறிப்புகள்

மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் எங்கள் வீடு. கொட்டகையில் இரண்டு குதிரைகள், வாசலில் ஒரு நாட்டு நாய். வீட்டுக்காரர் குதிரை பழக்குகிறவர். கடற்கரைச் சவாரிக்கும் சுற்றுவட்டாரக் கல்யாண ஊர்வலங்களுக்கும் எங்கள் குதிரைகள் போகும். தீவனம், தண்ணீர், மருந்து எல்லாம் என் பொறுப்பு. போன புரட்டாசியில் ஒரு ராத்திரி எங்கள் பெண் குதிரை செல்லி வயிற்று வலியில் தரையில் புரண்டாள். அன்றைக்குக் கற்றுக்கொண்டதையும், முன்பே பழக்கி வைத்திருந்ததால் கைகொடுத்ததையும் சேர்த்து எழுதுகிறேன். குதிரை இல்லாத வீட்டுக்கும் இதில் பாதி உதவும்.

1. பிராணி நன்றாக இருக்கும்போதே அதன் கணக்கை எழுதி வையுங்கள். ஓய்வில் நிற்கும் வளர்ந்த குதிரைக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. மூச்சு 8 முதல் 16 வரை. உடல் வெப்பம் 99 முதல் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட். தாடை எலும்பின் உள்விளிம்பில் விரலை வைத்தால் கயிறு மாதிரி ஒரு ரத்தக்குழாய் உருளும். அதில் 15 விநாடி எண்ணி நாலால் பெருக்க வேண்டும். நாயின் உடல் சூடு இயல்பாகவே 101 முதல் 102.5 வரை இருக்கும். தொட்டால் சுடுகிறது என்பதற்காகக் காய்ச்சல் என்று பயப்பட வேண்டாம். இவற்றை வாரம் ஒருமுறை பார்த்துத் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைப்பது என் வழக்கம். செல்லிக்கு எப்போதும் 36. அந்த ராத்திரி 60. டாக்டர் போனில் முதலில் கேட்டது அதைத்தான்.

2. மேல் உதட்டைத் தூக்கி ஈற்றைப் பாருங்கள். வெளிர் ரோஜா நிறமாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். செங்கல் நிறம், நீலம், சுண்ணாம்பு வெள்ளை இந்த மூன்றில் எதைக் கண்டாலும் காத்திருக்கக் கூடாது. நாய்க்கும் இதே சோதனைதான். ஈறு கறுப்பாக உள்ள நாய்க்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள்.

3. காலையில் கொட்டகையைப் பெருக்கும்போது லத்தியை எண்ணுங்கள். ஒரு குதிரை நாளொன்றுக்கு 8 முதல் 12 தடவை லத்தி போடும். எண்ணிக்கை பாதியானாலோ, உருண்டை சிறுத்துக் காய்ந்து போனாலோ அன்றே கவனியுங்கள். அநேகமாகத் தண்ணீர் போதவில்லை என்று பொருள். ஒரு குதிரை நாளுக்கு 25 முதல் 40 லிட்டர் குடிக்கும், வெயில் காலத்தில் அதற்கும் மேலே போகும்.

4. கடலோரத்தில் குதிரை வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். நாலைந்து லத்தி உருண்டைகளைக் கண்ணாடி ஜாடியிலோ, நிறமில்லாத பிளாஸ்டிக் பையிலோ போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் மணல் படிந்தால் அதைப் போல இன்னும் எவ்வளவோ மணல் குடலுக்குள் இருக்கலாம். மணல் தெரியவில்லை என்பதற்காகக் குடல் சுத்தம் என்றும் சொல்லிவிட முடியாது. மாதம் ஒருமுறை பாருங்கள். மணலை வெளியேற்ற இசப்கோல் கொடுப்பதுண்டு. எத்தனை நாள், எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும்.

5. புல்லைத் தரையில் போடாதீர்கள். நாங்கள் செய்த தப்பு இதுதான். சிந்திய கொள்ளைக் குதிரை உதட்டால் தடவித் தடவிப் பொறுக்கும், கூடவே மணலும் உள்ளே போகும். இப்போது சிமென்ட் தொட்டி, கீழே ரப்பர் பாய். ஏரிக்கரையில் அறுத்து வரும் அருகம்புல்லை வேர் மண்ணோடு போடாமல் உதறி அலசிப் போடுகிறோம். மதுராந்தகம் பக்கத்து வைக்கோல் மலிவாகக் கிடைக்கிறது என்று அதையே முழுத் தீவனமாக்குவதும் ஆபத்து, குடலில் அடைத்துக்கொள்ளும். வெறும் தவிட்டை மாதக்கணக்கில் கொடுத்தால் எலும்பின் சுண்ணாம்புச் சத்து குறையும்.

6. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று குதிரையைப் பழிப்பார்கள். பழி குதிரை மேல் இல்லை. இரும்பு பல்லில் இடித்திருக்கும். அல்லது விளிம்பு கூரான கடைவாய்ப் பல் கன்னத்தைக் கிழித்திருக்கும். வருடம் ஒருமுறை பல்லை டாக்டரிடம் காட்டி ராவிவிடச் சொல்லுங்கள். மார்கழிக் குளிரில் கடிவாளத்தை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றி, கொஞ்சம் வெல்லம் தடவிப் பிடித்தால் தானாக வாங்கிக்கொள்ளும். அவசரப்பட்டுத் திணித்தால், ஒரே நாளில் வந்த பயத்தைப் போக்க ஒரு மாதம் ஆகும்.

7. பழக்குதல் என்றால் ஓட்டமும் நடையும் மட்டும் என்று நினைக்காதீர்கள். வைத்தியத்துக்கும் குதிரையைப் பழக்க வேண்டும். காதைத் தொட, வாலைத் தூக்க, நாலு குளம்பையும் கையில் கொடுக்க, மூக்கின் மேல் கை வைத்தால் நிற்க, தெர்மாமீட்டருக்கு உதைக்காமல் இருக்க என்று தினம் ஐந்து நிமிடம் போதும். ஊசி இல்லாத சிரிஞ்சில் வெல்லத் தண்ணீர் கொடுத்துப் பழக்கினால், பூச்சி மருந்து கொடுக்கும் நாளில் சண்டை இல்லை. இவை எல்லாவற்றையும்விட மேலானது வண்டியில் ஏறப் பழக்குவது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இங்கிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். நடுராத்திரி வலியில் துடிக்கிற குதிரையை, அது ஏறியே பழகாத மினி லாரியில் நாலு ஆள் சேர்ந்தாலும் ஏற்ற முடியாது. மாதம் ஒருமுறை சும்மா ஏற்றி, தீனி கொடுத்து, இறக்கிவிடுங்கள்.

8. வயிற்று வலியைக் குதிரைக்காரர்கள் காலிக் என்பார்கள். தீனியைத் தொடாது. முன்காலால் தரையைப் பறிக்கும். திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கும். வியர்க்கும், படுக்கும், எழும், புரளும். குதிரைக்கு வாந்தி வராது. உள்ளே வாயு சேர்ந்தாலும் தீனி அடைத்தாலும் மேல் வழியாக வெளியேற வழியில்லை. அதனால்தான் இது உயிருக்கே ஆபத்து. உடனே தீனி முழுவதையும் அகற்றிவிட்டு டாக்டருக்குப் போன் செய்யுங்கள். பேசாமல் படுத்திருந்தால் விட்டுவிடுங்கள். புரளப் பார்த்தால் மட்டும் மெல்ல நடத்துங்கள். ஓட்டக் கூடாது. புரளும் குதிரையின் கால் பக்கம் நீங்களும் நிற்காதீர்கள்.

பாட்டிலில் எண்ணெய் ஊற்றிப் புகட்டச் சொல்லி அக்கம்பக்கத்தார் ஓடி வருவார்கள். அன்று எங்கள் அத்தையும் விளக்கெண்ணெயோடு வந்து நின்றார். அது நுரையீரலுக்குள் போனால் வயிற்று வலியில் பிழைத்த குதிரை சளிக்காய்ச்சலில் போய்விடும். வீட்டில் இருக்கும் வலி ஊசியையும் கேட்காமல் போடக் கூடாது. வலி அடங்கிவிட்டால் நோயின் போக்கு டாக்டருக்குத் தெரியாமல் போகும். அன்று டாக்டர் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. மூக்கு வழியாகக் குழாய் விட்டு மருந்து கொடுத்தார். குழாய் போகும்போது செல்லி அசையாமல் நின்றாள், அந்த ஐந்து நிமிடப் பழக்கம் கைகொடுத்தது. விடிகாலையில் லத்தி போட்டாள். கையில் எடுத்துப் பார்த்தேன், பாதிக்குப் பாதி மணல்.

9. சித்திரை, வைகாசியில் பயிற்சி காலை ஏழு மணிக்குள் முடிய வேண்டும். நம் கடற்கரையில் வெயிலைவிடப் புழுக்கம்தான் கொடியது, வியர்வை காயாது. சில குதிரைகளுக்கு இந்தப் புழுக்கத்தில் வியர்வையே நின்றுபோகும். உடம்பு காய்ந்திருக்க, மூச்சு மட்டும் இரைக்கும். அப்படிக் கண்டால் வேலையை நிறுத்தி, நிழலில் கட்டி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். ஈரத்துணி போர்த்த வேண்டாம், சூடு உள்ளேயே தங்கும்.

10. கடல்நீரில் இறங்கிய குதிரையை நல்ல தண்ணீரில் கழுவாமல் கட்டாதீர்கள். வயிற்றுப் பட்டை படும் இடத்தில் உப்பு காய்ந்தால் புண்ணாகும். கரையில் ஆணியும் பாட்டில் ஓடும் கிடக்கும், சவாரி முடிந்ததும் குளம்பைச் சுரண்டிப் பாருங்கள். குதிரையை ரணஜன்னி எளிதில் தாக்கும், தடுப்பூசி வருடம் தவறக் கூடாது. லாடம் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை.

11. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போய்ப் புதுக் குதிரை வாங்கி வருபவர்கள், மூன்று வாரம் அதைத் தனியே கட்டி, தனி வாளியில் தண்ணீர் வையுங்கள். கிளாண்டர்ஸ் நோய்க்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அது மனிதருக்கும் தொற்றும்.

12. நாய்க்கும் பூனைக்கும் நம் மாத்திரை வேண்டாம். பாராசிட்டமால் ஒன்றே பூனையைக் கொன்றுவிடும். நாய் சோர்ந்து, தீனி மறுத்து, ஈறு வெளுத்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி தேடுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். விஷமுறிவு மருந்து மட்டுமே காப்பாற்றும். அந்த மருந்தின் தொடக்கம் நம் ஊர்ப் பக்கம்தான். 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்தையும் எடுத்துத் தருகிறது. அதைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் ஊறும் எதிர்ப்புச் சக்தியைப் பிரித்துத்தான் மருந்து செய்கிறார்கள். இந்த மண்ணின் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மருந்துப் புட்டியைப் பார்க்கும்போது அவர்களையும் அந்தக் குதிரைகளையும் நினைத்துக்கொள்வேன்.

13. கொட்டகைச் சுவரில் பெயின்டால் எழுதுங்கள்: கால்நடை ஆம்புலன்ஸ் 1962. அதன் கீழே உங்கள் டாக்டர் எண், ராத்திரி கூப்பிட்டால் வரக்கூடிய இன்னொரு டாக்டர் எண், வண்டிக்காரர் எண். போனில் மட்டும் வைத்திருந்தால், அதில் சார்ஜ் இல்லாத நாளில்தான் தேவைப்படும்.

கடற்கரைக்கு வருபவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். குழந்தை ஆசைப்படுகிறது என்று குதிரைக்கு பிஸ்கட்டும் மிளகாய்ப்பொடி தூவிய மாங்காயும் நீட்டாதீர்கள், மிஞ்சிய சர்க்கரைப் பொங்கலையும் கொண்டு வராதீர்கள். குதிரைக்காரரிடம் இன்றைக்குத் தண்ணீர் காட்டினீர்களா என்று கேளுங்கள். இல்லை என்றால், பக்கத்துக் கடையில் ஒரு வாளி நல்ல தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டு ஏறுங்கள்.