கத்தி இல்லை என்றால் ஆபத்தும் இல்லையா?

கேள்வி: அப்பா தோட்டத்தில் பால் வெட்டியவர். நாற்பது வருடம் சிகரெட் பிடித்தார். இப்போது எம்ஃபிசீமா முற்றிவிட்டது. குளியலறைக்கு நடந்தாலே மூச்சு வாங்குகிறது. கத்தி வைக்காமல் நுரையீரலில் வால்வு வைக்கலாம் என்கிறார் ஸ்பெஷலிஸ்ட். கத்தியே இல்லாதபோது மூன்று நாள் எதற்கு வார்டில் படுக்க வேண்டும்?
– வாசகி, பெடாஸ்

பதில்: நல்ல இடத்தில் பிடித்தீர்கள், அம்மா. இந்தச் சிகிச்சையின் ஆபத்தில் பெரும்பகுதி அந்த மூன்று நாளில்தான் இருக்கிறது.

வால்வு வைத்தால் அடைப்பு திறந்து காற்று உள்ளே போகும் என்றே பலரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. எம்ஃபிசீமாவில் நுரையீரலின் நுண்ணிய காற்றுப்பைகள் சிதைந்து, போன காற்று வெளியே வராமல் தேங்குகிறது. அந்தப் பகுதி ஊதிப் பெருத்து, நன்றாக உள்ள பகுதியையும் நெருக்குகிறது. சைக்கிள் டியூப் வால்வு காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. அதைத் திருப்பிப் போட்டதுதான் இது. கடலைப்பருப்பு அளவில் சிலிக்கோனும் கம்பி வலையும் கொண்ட மூன்று நான்கு வால்வுகளை, பிராங்கோஸ்கோப் எனும் கேமரா குழாய் வழியாகப் பொருத்துவார்கள். கெட்ட கதுப்பு, அதாவது நுரையீரலின் அந்தப் பிரிவு, காற்றிறங்கிச் சுருங்கும்.

சுருங்கிய இடத்தை நிரப்பப் பக்கத்துக் கதுப்பு வேகமாக விரிகிறது. அதுவும் நைந்த திசுதான். எங்காவது கிழிந்தால் காற்று நெஞ்சறைக்குள் கசிந்து நுரையீரலை அமுக்கும். இதற்கு நியூமோதொராக்ஸ் என்று பெயர். வால்வு நன்றாக வேலை செய்யும்போதே இது வருகிறது என்பதால்தான் டாக்டர்கள் இத்தனை கவனமாக இருக்கிறார்கள்.

2018இல் வெளியான 'லிபரேட்' ஆய்வில் வால்வு வைத்த 128 பேரில் 34 பேருக்கு இது வந்தது, பெரும்பாலோருக்கு முதல் மூன்று நாளில். முதல் ஒன்றரை மாதத்தில் நான்கு பேர் இறந்தார்கள். இதை உங்களிடம் மறைப்பது சரியல்ல. அதே ஆய்வில், ஓராண்டு கழித்து வால்வு வைத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மூச்சை ஊதும் திறன் 15 சதவீதமோ அதற்கு மேலோ கூடியிருந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களில் ஆறில் ஒருவருக்குத்தான் அப்படி. அப்பாவின் இன்றைய நிலையில் இது யோசிக்கத் தக்க வாய்ப்பு என்பதே என் எண்ணம்.

ஆனால் எல்லாருக்கும் ஒத்துவராது. இரு கதுப்புகளுக்கு நடுவே உள்ள பிளவு முழுமையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்திலிருந்து காற்று குறுக்கே புகுந்துவிடும், கதுப்பு சுருங்காது. சிடி ஸ்கேனில் இதைப் பார்த்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். அப்பா இன்னும் சிகரெட் பிடிக்கிறார் என்றால், இப்போதே அதை அடியோடு விட வேண்டும்.

வீடு திரும்பிய பிறகு திடீரென நெஞ்சு வலித்தாலோ மூச்சு முட்டினாலோ, காலையில் கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடுராத்திரியானாலும் 999ஐ அழையுங்கள். வால்வு வைத்த விவரத் தாளை அப்பாவின் ஐசியோடு சேர்த்தே வையுங்கள். ஆம்புலன்ஸில் வருபவர் கையில் அதை முதலில் கொடுங்கள். தேவைப்பட்டால் வால்வைக் கழற்றி எடுக்கவும் முடியும்.