கோப்பு ஏன் நகரவில்லை?
வெளிநாட்டுத் தத்தெடுப்பில் நீளும் காத்திருப்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

2024 செப்டம்பர் 5 அன்று பெய்ஜிங்கில் நடந்த வழக்கமான செய்தியாளர் சந்திப்பில், சீன வெளியுறவு அமைச்சகப் பேச்சாளர் மாவ் நிங் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னார். வெளிநாட்டவருக்கு இனிக் குழந்தைகளைத் தத்துக் கொடுப்பதில்லை. நெருங்கிய இரத்த உறவினரின் பிள்ளையையோ வாழ்க்கைத் துணையின் பிள்ளையையோ தத்தெடுப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. 2020இல் கோவிட் வந்து கதவை அடைத்ததிலிருந்து, இன்று திறக்கும், நாளை திறக்கும் என்று அமெரிக்காவில் சில நூறு குடும்பங்கள் காத்துக் கிடந்தன. இன்ன குழந்தை என்று அவர்களுக்கு முன்பே சொல்லியாகிவிட்டது.

இப்படிக் காத்திருப்பவர்களுக்கு ஊரும் உறவும் ஆறுதல் சொல்வது இயல்பு. அந்த ஆறுதல்களில் பல, உண்மை நிலவரத்தோடு ஒட்டுவதில்லை.

நம்பிக்கை 1: காப்பகங்களில் குழந்தைகள் நிரம்பி வழிகிறார்கள். கொடுக்கத்தான் மனமில்லை.

உண்மை: 2005இல் மட்டும் சீனாவிலிருந்து ஏறத்தாழ 7,900 குழந்தைகள் அமெரிக்காவுக்குப் போனார்கள். அன்று விண்ணப்பக் கோப்பு பதிவான ஆறேழு மாதத்தில் குழந்தையின் படம் கைக்கு வந்துவிடும். அதைக் கேள்விப்பட்டு விண்ணப்பங்கள் குவிந்தன. சீனாவிலோ கைவிடப்படும் ஆரோக்கியமான கைக்குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. உள்நாட்டிலேயே தத்தெடுப்போரும் கூடினர். 2007 மே மாதம் வயது, உடல் எடை, திருமண நிலை என்று நிபந்தனைகளைச் சீனா இறுக்கியது. அப்படியும் வரிசை குறையவில்லை. 2006இன் பிற்பகுதியில் பதிந்தவர்கள் ஆறு ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்தார்கள்.

அதே காலத்தில் காப்பகங்களில் பிள்ளைகள் இருக்கத்தான் செய்தார்கள். உதடு பிளந்த குழந்தைகள், இதயக் கோளாறு உள்ளவர்கள், வயதில் மூத்தவர்கள். அவர்களுக்குத் தனிப் பட்டியல் இருந்தது, காத்திருப்பும் குறைவு. பிற்காலத்தில் சீனாவிலிருந்து சென்றவர்களில் பெரும்பாலோர் இவர்களே. நீண்ட வரிசை, ஆரோக்கியமான கைக்குழந்தை வேண்டும் என்றவர்களின் வரிசை.

நம்பிக்கை 2: கோப்பை அனுப்பியாயிற்று. இனி பொறுமை ஒன்றுதான் வேலை.

உண்மை: கோப்புக்கு ஆயுள் உண்டு. சீனாவுக்கு அன்று ஓர் அமெரிக்கத் தம்பதி அனுப்பிய கோப்பைப் பிரித்துப் பார்த்தால் பிறப்புச் சான்று, திருமணச் சான்று, காவல்துறைச் சான்று, மருத்துவப் பரிசோதனை, சம்பளக் கடிதம், சமூகப் பணியாளர் வீட்டுக்கே வந்து எழுதிய ஆய்வறிக்கை எல்லாம் இருக்கும். ஒவ்வொன்றிலும் நோட்டரி முத்திரை, அதன் மேல் மாநில அரசின் முத்திரை, பிறகு சீனத் தூதரகத்தின் முத்திரை. தூதரக முத்திரை தேவைப்படாத அப்போஸ்டில் முறைக்குச் சீனா வந்ததே 2023 நவம்பரில்தான்.

அமெரிக்கக் குடியேற்றத் துறைக்குக் கொடுக்கும் கைரேகை 15 மாதங்களில் காலாவதியாகிவிடும். ஆறு ஆண்டு காத்திருந்தவர்கள் குறைந்தது நான்கு முறை மறுபடி விரல் பதித்திருப்பார்கள். வீடு மாறினால், வேலை போனால், வீட்டில் இன்னொரு குழந்தை பிறந்தால் ஆய்வறிக்கையையும் திருத்தி எழுத வேண்டும். இதில் ஒன்றைக் கோட்டைவிட்டால், அழைப்பு வரும் நாளில் குடும்பம் தயாராக இருக்காது.

நம்பிக்கை 3: போட்டோ வந்துவிட்டால் குழந்தை நம்முடையதுதான்.

உண்மை: சீனாவில் 2024இல் ஏமாந்து நின்றவர்களிடம் போட்டோ இருந்தது. காங்கோ ஜனநாயகக் குடியரசில் நீதிமன்றத் தீர்ப்பே இருந்தது. 2013 செப்டம்பரில் அந்நாடு தத்துப் பிள்ளைகளுக்கு வெளியேறும் அனுமதி தருவதை நிறுத்தியது. சட்டப்படி பெற்றோரானவர்கள் ஒரு கண்டத்திலும் பிள்ளைகள் இன்னொரு கண்டத்திலுமாக ஆண்டுகள் கழிந்தன. 2016இல்தான் முடிச்சு பெருமளவு அவிழ்ந்தது.

ரஷ்யாவில் அரசியல் குறுக்கே வந்தது. அமெரிக்கர்கள் ரஷ்யக் குழந்தைகளைத் தத்தெடுக்கத் தடை விதிக்கும் சட்டம் 2013 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, சில குடும்பங்கள் தங்கள் பிள்ளையை நேரில் பார்த்து, தூக்கி வைத்துக் கொஞ்சிவிட்டும் வந்திருந்தன. அவர்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2017இல் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது. பாகுபாடு என்று நீதிமன்றம் சொன்னது, இழப்பீடும் விதித்தது. ஆனால் தடை நீங்கவில்லை.

நம்பிக்கை 4: தாமதம் என்றாலே அதிகாரிகளின் மெத்தனம். பணம் இறக்கினால் வேகமாகும்.

உண்மை: வேகமாக நடந்த இடங்களின் கதை வேறு. சின்னஞ்சிறு குவாத்தமாலாவிலிருந்து 2007இல் 4,700க்கும் மேற்பட்ட குழந்தைகள் அமெரிக்காவுக்குச் சென்றார்கள். வழக்கறிஞர்களும் நோட்டரிகளும் நடத்திய அந்த ஏற்பாட்டில் குழந்தைக் கடத்தல், போலி ஆவணம் என்று புகார்கள் எழ, 2007 டிசம்பர் இறுதியில் புதுச் சட்டம் வந்து பழைய வழி அடைபட்டது. நெதர்லாந்தில் அரசு அமைத்த விசாரணைக் குழு இலங்கை, பங்களாதேஷ், பிரேசில், கொலம்பியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்த பழைய தத்தெடுப்புகளில் கடும் முறைகேடுகளைக் கண்டது. 2021 பிப்ரவரியில் புதிய தத்தெடுப்புகளையே அந்நாடு நிறுத்திவைத்தது.

இத்தகைய முறைகேடுகளைத் தடுக்கவே 1993இல் வெளிநாட்டுத் தத்தெடுப்புக்கான ஹேக் உடன்படிக்கை உருவானது. அதன்படி, பிள்ளையைச் சொந்த நாட்டிலேயே வளர்க்க வழி உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். தாயின் சம்மதத்தைப் பிரசவத்துக்குப் பிறகே பெற வேண்டும். யாரும் முறையற்ற பணம் பார்க்கக் கூடாது. 2003இல் இந்தியாவும் இதில் சேர்ந்தது. இந்தச் சோதனைகளுக்கு மாதங்கள் ஆகும்.

நம்பிக்கை 5: அப்படியானால் எல்லாத் தாமதமும் குழந்தையின் நன்மைக்கே.

உண்மை: இதுவும் தவறு. ருமேனியத் தலைநகர் புகாரெஸ்டில் 2000க்குப் பின் 136 காப்பகக் குழந்தைகளை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தனர். அவர்களில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். இரண்டு வயதுக்குள் குடும்பம் கிடைத்தவர்கள் அறிவு வளர்ச்சியிலும் ஒட்டுதலிலும் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். தாயைத் தேடிக் கண்டுபிடிக்க ஆகும் ஆறு மாதம் அவசியமானது. ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குக் கோப்பு போக ஆகும் ஆறு மாதம் பிள்ளைக்கு நஷ்டம்.

நம்பிக்கை 6: கடவுள் நமக்கென்று எழுதிய பிள்ளை, காத்திருந்தால் வந்தே தீரும்.

உண்மை: பிரார்த்தனை பலருக்குத் தெம்பு தந்திருக்கிறது. அந்தத் தெம்பு ஒரு நாட்டின் சட்டத்தை மாற்றியதாகக் காட்ட முடியாது. 2004இல் ஏறத்தாழ 23,000 குழந்தைகள் வெளிநாடுகளிலிருந்து அமெரிக்கக் குடும்பங்களுக்குச் சென்றார்கள். 2023இல் அந்த எண்ணிக்கை 1,300ஐக்கூட எட்டவில்லை. நாடுகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தும் காலத்தில், காத்திருக்கும் குடும்பம் தன் தத்தெடுப்பு ஏஜென்சியிடம் ஆண்டுக்கு ஒரு முறையாவது மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குவது நல்லது. கோப்பு இப்போது எந்த நாட்டின் எந்த அலுவலகத்தில் இருக்கிறது? எந்தச் சான்று எந்தத் தேதியில் காலாவதியாகிறது? கடந்த ஓராண்டில் அந்நாட்டிலிருந்து எத்தனை பிள்ளைகள் உண்மையில் புறப்பட்டு வந்தார்கள்? மூன்றாவதற்கு 'யாரும் இல்லை' என்று பதில் வந்தால், வேறு நாட்டையோ உள்நாட்டுத் தத்தெடுப்பையோ பற்றிப் பேச அதுவே நேரம்.