ஒரு வருஷம் தொடாத காகிதம்

"ஒரு வருஷமாகத் தொடாத பொருள் உங்களுக்கு வேண்டாத பொருள். யோசிக்காமல் வீசுங்கள்." தீபாவளிக்கு வீட்டை ஒழிக்கும் நேரம் வந்தால் போதும், இந்த வரி புனேவின் ஏரவாடா முழுக்க வாட்ஸப்பில் சுற்றத் தொடங்கிவிடும். மாமியார் மருமகளுக்கு அனுப்புகிறார், மருமகள் மகளிர் குழுவுக்கு அனுப்புகிறார், குழுவில் நாலு பேர் கை கூப்பி ஆமோதிக்கிறார்கள். குடியிருப்புகளில் காகிதங்களைச் சரிபார்த்து விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் வேலையில் இருப்பவள் நான். இந்த வரியை நம்பிக் கைவிட்டவற்றைத் தேடிக்கொண்டு கடைசியில் என் மேஜைக்குத்தான் வருகிறார்கள். "அக்கா, மாளாவுல (பரணில்) இருந்த டிரங்குப் பெட்டியக் காலி பண்ணி ரத்திக்காரன்கிட்ட (பழைய பேப்பர் வாங்குபவரிடம்) போட்டுட்டேன், எல்லாம் பழைய பேப்பர்தான்" என்று பெருமையாகச் சொன்ன ஒரு பெண்ணுக்கு, அந்தப் பேப்பர் என்னவாக இருந்திருக்கும் என்பதை நான்தான் விளக்க வேண்டியிருந்தது. சுற்றி வளைக்க விரும்பவில்லை. இந்த விதி தப்பு. சட்டி பானைக்குப் பாதித் தப்பு, காகிதத்துக்கு முழுத் தப்பு.

மகாராஷ்டிராவில் குடிசைவாசிக்கு மாற்று வீடு உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது ஒரு தேதி. முதலில் 1995 ஜனவரி 1 என்று வைத்தார்கள், பிறகு அதை 2000 ஜனவரி 1 ஆக்கினார்கள். அந்த நாளுக்கு முன்பிருந்தே அந்த இடத்தில் வீடு இருந்தது என்று நிரூபித்தால் இலவச வீடு. அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்தவர்கள் பணம் கட்ட வேண்டும். "எங்க அப்பா காலத்துல இருந்தே இங்கதான் இருக்கோம்" என்று வாயால் சொன்னால் ஆகாது. அந்தக் காலத்து வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், லைட் பில் இருக்க வேண்டும், குடிசைவாசிக்கான போட்டோ பாஸ் இருந்தால் இன்னும் நல்லது. 1999ஆம் ஆண்டின் லைட் பில்லைக் கடந்த ஒரு வருஷத்தில் யார் தொட்டிருப்பார்கள்? இருபத்தைந்து வருஷமாகவே யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அது தூங்க வேண்டிய இடம் பெட்டியின் அடிதான். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு மேஜையின் மேல், அது தேவைப்படும். அன்றைக்கு அதற்கு ஈடாக வேறு எதையும் கடையில் வாங்க முடியாது.

ஏரவாடாக்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2005இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறத் திட்டத்தின் கீழ் இங்கேயே பல குடியிருப்புகளில் பக்கா வீடுகளை விட்டுவிட்டு, கச்சா வீடுகளை மட்டும் இடித்து, அதே இடத்தில் 270 சதுர அடி வீடுகளாகக் கட்டிக் கொடுத்தார்கள். ஸ்பார்க் என்ற தன்னார்வ அமைப்பும் மகிளா மிலன் என்ற குடிசைப்பகுதிப் பெண்கள் குழுவும் முன்னின்று செய்த வேலை அது. யாரையும் ஊருக்கு வெளியே தூக்கிப் போடாமல் செய்ததால் நாடு முழுக்கப் பேசப்பட்டது. அதற்கும் முதல் படி வீடு வீடாகக் கணக்கெடுப்பதுதான்: இந்த வீடு யாருடையது, எத்தனை காலமாக இருக்கிறார்கள் என்று. காகிதம் வைத்திருந்தவர்களுக்குப் பதில் சொல்வது எளிது.

இதைவிடப் பெரிய இழப்பு பிள்ளைகளின் படிப்பில் வருகிறது. நம் ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து புனேவுக்கு வந்தது நேற்று அல்ல. கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை 1869இல் வந்தது, ராணுவ முகாம்கள் அதற்கும் முந்தியவை, அந்த வேலைகளைத் தேடி வந்த குடும்பங்கள் தலைமுறைகளாக இங்கேயே இருக்கின்றன. அப்படிப்பட்ட குடும்பத்தின் பேத்தி பொறியியல் கல்லூரியில் ஒதுக்கீட்டு இடம் கேட்டால், மகாராஷ்டிராவில் சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது, சரிபார்ப்புச் சான்றும் வேண்டும். அதற்கு, குடும்பம் குறிப்பிட்ட தேதிக்கு முன்பே இந்த மாநிலத்தில் இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். பட்டியல் சாதிக்கு அந்தத் தேதி 1950 ஆகஸ்ட் 10. விமுக்த, நாடோடிப் பிரிவினருக்கு 1961 நவம்பர் 21. இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 1967 அக்டோபர் 13. அதாவது தாத்தாவின் பள்ளிச் சான்று, கொள்ளுத்தாத்தாவின் பணிப் பதிவு, இவைதான் இன்றைக்குப் பதினெட்டு வயதுப் பெண்ணின் இடத்தைத் தீர்மானிக்கின்றன. எழுபது வருஷம் தொடாத காகிதம்! அதைப் போய் கிலோ இத்தனை ரூபாய் என்று நிறுத்துப் போட்டால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

வங்கிப் புத்தகமும் இதே கதை. பத்து வருஷம் யாரும் கை வைக்காத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் கீழ் உள்ள நிதிக்குப் போய்விடும். போனாலும் அது உங்கள் பணம்தான், எப்போது கேட்டாலும் வங்கி மூலமாகத் திரும்பக் கிடைக்கும். கேட்பதற்கு எந்த வங்கி, யார் பெயர் என்று தெரிய வேண்டும் அல்லவா? இப்படிப்பட்ட கணக்குகளைத் தேடுவதற்காகவே 2023இல் ரிசர்வ் வங்கி 'உத்கம்' என்ற இணையதளத்தைத் திறந்தது. அப்பாவின் கிழிந்த பாஸ்புக் ஒன்று கையில் இருந்தால் அந்தத் தேடல் பத்து நிமிஷ வேலை. இல்லாவிட்டால் ஊர் பேர் தெரியாத ஆளைத் தேடுவது மாதிரிதான். பழைய பங்குப் பத்திரங்களும் அப்படியே: ஏழு வருஷம் தொடர்ந்து ஈவுத்தொகை வாங்காமல் விட்டால் பங்குகளே அரசின் முதலீட்டாளர் நிதிக்கு மாறிவிடும். உரிய சான்றுகளோடு விண்ணப்பித்துத் திரும்ப வாங்கலாம்.

இந்த ஒரு வருஷ விதியை, வீட்டை ஒழுங்கு செய்வது பற்றி எழுதும் ஜப்பானியரான மாரி கோண்டோ சொன்னதாகவும் பரப்புகிறார்கள். அவர் சொன்னது அதுவல்ல. ஜப்பானில் வந்த புத்தகத்தில் அவர் வைத்த சோதனை, பொருளைக் கையில் எடுத்தால் மகிழ்ச்சி வருகிறதா என்பது. காகிதங்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் வீசிவிடுவதே அடிப்படை என்கிறார், ஆனால் நிரந்தரமாக வைக்க வேண்டியவை என்று ஒரு பிரிவைத் தனியாக ஒதுக்கவும் சொல்கிறார். அந்தப் பிரிவை நம் வாட்ஸப் ஆட்கள் விட்டுவிட்டார்கள். ஜப்பானில் நிரந்தரப் பிரிவு ஒரு மெல்லிய கோப்பாக இருக்கலாம். இங்கே குடியுரிமை, குடியிருப்பு, சாதி, சொத்து எல்லாவற்றுக்கும் நிரூபிக்கும் சுமை குடும்பத்தின் தலையில் இருக்கிறது. ரேஷன் கார்டு மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. மூன்றாவது குழந்தைக்குப் பிறகு வீட்டை அப்படியே அடுக்கி வைத்திருப்பதை ஓரளவு விட்டுவிட்டதாக கோண்டோவே 2023இல் வெளிப்படையாகச் சொன்னார். நேர்மையான பேச்சு. அதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

இன்னும் சிலர் காந்தியை இழுக்கிறார்கள். "இதே ஏரவாடா சிறையில் இருந்தவர், ரெண்டு வேட்டியும் ஒரு கண்ணாடியும்தான் வைத்திருந்தார்" என்று. அபரிகிரகம், அதாவது வேண்டாததைச் சேர்க்காமை பற்றி அவர் எழுதியது இங்கிருந்துதான், உண்மை. 1930இல் ஏரவாடா சிறையிலிருந்து வாராவாரம் சபர்மதி ஆசிரமத்துக்கு அனுப்பிய கடிதங்களில் அதுவும் ஒன்று. பெட்டிக்குள் மடித்து வைக்கிற சிறிய ராட்டைக்கு ஏரவாடா சர்க்கா என்று பெயர் வந்ததும் இந்தச் சிறையால்தான். ஆனால் அவரைச் சுற்றியிருந்தவர்கள் அவருடைய காகிதத்தை வீசவில்லை. கடிதங்களையும் குறிப்புகளையும் பாதுகாத்தார்கள். அதனால்தான் 1958இலிருந்து 1994 வரை நூறு தொகுதிகளாக அவருடைய எழுத்துகளைப் பதிப்பிக்க முடிந்தது. குறைவாக வைத்திருப்பது வேறு, ஆதாரத்தை அழிப்பது வேறு. காந்தி பெயரைச் சொல்லி ரத்திக் கடைக்கு மூட்டை கட்டாதீர்கள்.

மற்ற நம்பிக்கைகளை வேகமாகப் பார்த்துவிடலாம்.

'இன்னொரு அலமாரி வாங்கினால் வீடு ஒழுங்காகிவிடும்.' ஆகாது. லாஸ் ஏஞ்சல்ஸில் 32 நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001 முதல் 2005 வரை ஆராய்ந்தார்கள். நான்கில் மூன்று வீடுகளில் கார் நிறுத்தும் அறையில் காரை விட இடமில்லை, அவ்வளவு தட்டுமுட்டுச் சாமான். நம் வீடுகளைப் போலப் பல மடங்கு பெரிய வீடுகள் அவை. இடம் கூடினால் அடைசலும் கூடும். 270 சதுர அடியை நிரப்புவது ஒரு குடும்பத்தின் காகிதம் அல்ல, அது ஒரே பெட்டியில் அடங்கும். நிரப்புவது ஓடாத இரண்டாவது மிக்ஸி, கல்யாணத்துக்கு வந்த ஏழாவது டின்னர் செட், ஆஃபரில் வாங்கிய பிளாஸ்டிக் டப்பாக்கள். அவற்றை வீசுங்கள், நான் கை தட்டுகிறேன்.

'பழைய துணியைக் கொடுத்தால் ஏழைக்குப் போய்ச் சேரும்.' 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் சாலையோரங்களில் பழைய துணி குவிந்து கிடந்ததை மறந்துவிட்டோமா? மீனவர் குடும்பங்கள் அவற்றைத் தொடவில்லை, தொடத் தேவையும் இல்லை. கிழிந்ததும் கறைபட்டதும் தானம் அல்ல. துவைத்து, பட்டன் தைத்து, நீங்களே உடுத்துவீர்கள் என்கிற நிலையில் இருந்தால் மட்டும் கொடுங்கள். மற்றதைக் காய்ந்த குப்பையோடு தனியாகக் கட்டி ஸ்வச் பெண்களிடம் கொடுங்கள். குப்பை பொறுக்கும் பெண்கள் 1993இல் சங்கம் கட்டி, பிறகு கூட்டுறவாக மாநகராட்சியோடு சேர்ந்து வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். எது விற்கும், எது விற்காது என்று அவர்களுக்குத் தெரிகிற அளவு நமக்குத் தெரியாது.

'மொபைலில் படம் எடுத்துவிட்டேன், அசல் எதற்கு?' டிஜிலாக்கரில் அரசுத் துறை நேரடியாக ஏற்றிய ஆவணம் சட்டப்படி செல்லும். நீங்கள் எடுத்த படம் அப்படி அல்ல. 1999 லைட் பில் எந்த லாக்கரிலும் தானாக வந்து உட்காராது.

'லேமினேட் செய்தால் பத்திரம்.' செய்யாதீர்கள், தயவு செய்து செய்யாதீர்கள். சூடாக்கி ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரித்து எடுக்க முடியாது. வெளிநாட்டு வேலைக்கோ படிப்புக்கோ அசலின் மேல் முத்திரை குத்த வேண்டிய நாளில் மேலே முத்திரை ஒட்டாது. தடித்த பிளாஸ்டிக் உறையில் போட்டால் போதும். ஏடிஎம் சீட்டும் கடை பில்லும் மங்கிப் போகும் தாளில் வருபவை, முக்கியமானதென்றால் உடனே ஜெராக்ஸ் எடுங்கள்.

சரி, எதை வீசுவது? காலாவதியான வாரண்டி, பழைய விளம்பரத் தாள், முடித்துக் கணக்கும் தீர்த்த கடனின் மாதச் சீட்டுகள், ஐந்து நகல் எடுத்து மிஞ்சிய நாலு நகல். ஆதார் நகலைக் கிழிக்காமல் ரத்திக்குப் போடாதீர்கள். கடன் முடிந்ததற்கான சான்றிதழை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறப்பு, இறப்பு, திருமணம், பள்ளி, சாதி, வீடு, வேலை இந்த ஏழும் என்றைக்கும் வீசக் கூடாதவை. வேலை என்றால் பழைய பி.எஃப். சீட்டும் சேர்த்துத்தான், ஒரே எண் என்கிற யு.ஏ.என். முறை வந்ததே 2014இல், அதற்கு முந்தைய கணக்குகளைச் சேர்க்கப் பழைய எண் வேண்டும். வீட்டில் எத்தனை இருந்தாலும் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரே ஒரு லைட் பில், அதுவும் ஜனவரி மாதத்தது, போதும். மற்ற பதினொன்றையும் தாராளமாக வீசலாம்.

பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். 1961 ஜூலை 12 அன்று பான்ஷெட் அணை உடைந்து புனேவின் ஆற்றங்கரைப் பகுதிகள் மூழ்கின, அங்கே இருந்த வீட்டுக் காகிதங்கள் சேறாயின. முளா முட்டா கரையில் மழைக்காலம் வருஷா வருஷம் வருகிறது. மாளாவின் மேல், கையெட்டும் முனையில், தகரப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறைகளில்.

இன்னொன்று. பல வீடுகளில் அந்தப் பெட்டியின் சாவி ஆம்பளை இடுப்பில் இருக்கிறது. அவர் போன பிறகு, எந்த வங்கியில் கணக்கு, எல்ஐசியில் என்ன பாலிசி என்று தெரியாமல் கைக்குழந்தையோடு என் முன்னால் உட்கார்ந்து அழும் பெண்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது. 2015இல் வந்த பிரதமர் வீட்டுத் திட்டத்தில் வீடு பெண் பெயரிலோ இருவர் பெயரிலோ இருக்க வேண்டும் என்று விதியே வைத்தார்கள். பத்திரம் உங்கள் பெயரில் இருந்து, பத்திரம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் என்ன பயன்? மாமியாராக இருந்தால் மருமகளைக் கூட்டி உட்காரவைத்துக் காட்டுங்கள். மூடியின் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டி, உள்ளே இருப்பதை மராத்தியிலோ தமிழிலோ, வீட்டில் எல்லோருக்கும் படிக்கத் தெரிந்த மொழியில் எழுதுங்கள். அடுத்த முறை வங்கிக்குப் போகும்போது நாமினி படிவம் கேளுங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நாலு பேர் வரை போடலாம். மனைவி, மகள், மகன் என்று யார் யார் என்பதை வீட்டில் பேசி முடிவு செய்து, பெயரை ஆதாரில் உள்ள எழுத்துப்படியே எழுதுங்கள், கணக்கு உள்ள ஒவ்வொரு வங்கியிலும் தனித்தனியாகக் கொடுங்கள், முத்திரை போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.