ஞாயிறுதோறும் ஒரு விருந்து

நுழையும்முன்

அயல்நாட்டில் பயிலும் மாணவருக்கு விடுமுறை நாள் மகிழ்ச்சியையும் தரும், தனிமையையும் தரும். மொழியும் வழக்கமும் அறியாத ஊரில், முன்பின் அறியாத ஒருவர் செய்யும் சிறு உதவி வாழ்நாள் முழுவதும் நினைவில் நிற்கும். அவ்வுதவியைப் பெற்றவர் உதவியவருக்குத் திருப்பித் தரவேண்டியது என்ன? காந்தியடிகளின் மாணவப் பருவத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி இவ்வினாவை எழுப்பி விடையும் தருகிறது.

கடல் கடந்த மாணவர்

1888ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்ட கப்பலில் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி பயணம் செய்தார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது நிறைவடையவில்லை. சட்டம் பயின்று பாரிஸ்டர் ஆவதே பயணத்தின் நோக்கம். இளம் மனைவி கஸ்தூரிபாவையும் பிறந்து சில மாதங்களே ஆன ஆண்குழந்தையையும் ஊரில் விட்டு அவர் புறப்பட்டார். மதுவையும் புலாலையும் தீண்டுவதில்லை, ஒழுக்கம் தவறுவதில்லை என்று தாய்க்கு உறுதிமொழி அளித்திருந்தார்.

உறுதிமொழியைக் காக்கும் மனவலிமை அவரிடம் இருந்தது. வாய்திறந்து கேட்கும் துணிவுதான் இல்லை. ஆங்கிலத்தில் உரையாடிப் பழக்கமில்லை. கத்தியும் முள்கரண்டியும் கொண்டு உண்ணத் தெரியவில்லை. பரிமாறப்படும் உணவுகளுள் புலால் கலவாதது எது என வினவக் கூச்சம். ஆகவே உணவுக்கூடத்திற்குச் செல்லாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்புகளையும் பழங்களையுமே பெரும்பாலும் அறையில் இருந்தபடி உண்டார்.

இலண்டன் சேர்ந்த பிறகும் அக்கூச்சம் நீங்கவில்லை. இரவுகளில் தாயையும் வீட்டையும் எண்ணிக் கண்ணீர் வடித்தார். அவர் தங்கியிருந்த வீட்டில், காலையில் கிடைத்த ஓட்ஸ் கஞ்சி ஓரளவு வயிற்றை நிரப்பியது. மற்ற வேளைகளில் பசி வாட்டியது. வீட்டுக்கார அம்மையாரின் மகள்கள் இருவரும் அவர்மீது இரங்கி ஓரிரு ரொட்டித் துண்டுகளைக் கூடுதலாகத் தருவர். முழு ரொட்டி ஒன்றை உண்டால்தான் அப்பசி அடங்கும் என்பதை அப்பெண்கள் அறியார், அவரும் கூறியதில்லை.

பிரைட்டனில் ஓர் உணவுமேசை

இலண்டனுக்குத் தெற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கடற்கரை நகரம் பிரைட்டன். 1841ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து இருப்புப்பாதை அமைக்கப்பட்டபின், ஓய்வை நாடிய மக்கள் விடுமுறை நாள்களில் அந்நகருக்குத் திரளாக வரத் தொடங்கினர். இந்தியக் கட்டடக்கலையைத் தழுவிய குவிமாடங்கள் கொண்ட அரண்மனை ஒன்றும் அங்கு உண்டு. இங்கிலாந்துக்குச் சென்ற முதலாண்டிலேயே காந்தியும் பிரைட்டனுக்குச் சென்றார்.

அங்கே ஒரு விடுதியில் உணவுமேசையின்முன் அமர்ந்தார். உணவுப்பட்டியல் முழுவதும் பிரெஞ்சு மொழியில் இருந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்க முயன்றார், பொருள் விளங்கவில்லை. எந்த உணவில் என்ன கலந்திருக்கிறது என்று பரிமாறுபவரிடம் கேட்கலாமா என எண்ணிக்கொண்டிருந்தார். அதே மேசையில் அமர்ந்திருந்த முதிய அம்மையார் ஒருவர் இதனைக் கண்டார். அவர் கணவரை இழந்தவர், பெருஞ்செல்வர் அல்லர். ஊருக்குப் புதியவர்போல் தோன்றும் இவ்விளைஞர் ஏன் இன்னும் எதையும் கேட்டுப் பெறவில்லை என அவரே முன்வந்து வினவினார். காந்தி தம் இடர்ப்பாட்டைக் கூறினார். அம்மையார் பட்டியலை எடுத்து ஒவ்வோர் உணவையும் விளக்கி, அவர் உண்ணத்தக்கவை எவை என்று காட்டினார்.

உதவி மிகச் சிறியது. சில நிமிடங்களில் முடிந்துவிடக்கூடியது. ஆனால் கப்பலில் உணவுக்கூடத்தையே தவிர்த்த இளைஞர், இங்கே அச்சமின்றி மேசையில் அமர்ந்து உண்ண முடிந்தது. அவர் கேட்கத் தயங்கியதை அம்மையார் கேளாமலே உணர்ந்துகொண்டார் என்பதே இவ்வுதவியின் சிறப்பு.

மறைத்த உண்மை

அப்பழக்கம் நட்பாக வளர்ந்தது. அம்மையார் தம் இலண்டன் முகவரியைத் தந்து, ஞாயிறுதோறும் தம் இல்லத்தில் விருந்துண்ண அழைத்தார். காந்தியின் கூச்சத்தைப் போக்க எண்ணி, இளம்பெண்கள் சிலரை அறிமுகப்படுத்தி அவர்களோடு உரையாடச் செய்தார். குறிப்பாக, தம் இல்லத்தில் தங்கியிருந்த பெண் ஒருவருடன் அவரைப் பேசவிட்டுத் தாம் விலகிக்கொள்வதும் உண்டு. தொடக்கத்தில் பேசவும் இயலாது தவித்த காந்தி, நாளடைவில் அடுத்த ஞாயிற்றை எதிர்நோக்கலானார்.

ஆனால் அம்மையார் அறியாத செய்தி ஒன்று இருந்தது. அக்காலத்தில் இங்கிலாந்தில் பயின்ற இந்திய மாணவர்களுள் மணமானவர்கள், தம்மை மணமாகாதவராகக் காட்டிக்கொள்வது வழக்கம். அந்நாட்டில் படிக்கும் பருவத்தில் திருமணம் செய்வதில்லை. எனவே இளமையிலேயே மணம் முடித்ததைச் சொல்ல அவர்கள் நாணினர். காந்தியும் அவ்வழக்கத்தைப் பின்பற்றியிருந்தார். தம் இல்லத்துப் பெண்ணுக்கு இவர் ஏற்றவர் என அம்மையார் எண்ணக்கூடும் என்பது அவருக்கு மெல்லப் புலப்பட்டது.

நாணத்தால் மறைத்த செய்தி இப்போது மற்றொருவரின் வாழ்வைத் தொடும் நிலைக்கு வந்துவிட்டது. இனியும் வாய்மூடி இருந்தால், அன்பு காட்டியவரை ஏமாற்றுவதாகும். சொல்லிவிட்டால் அந்த அன்பையே இழக்க நேரலாம். அயல்நாட்டில் தாய்போல் பேணிய ஓர் இல்லத்தின் கதவு மூடப்படலாம். இவ்விரண்டினுள் ஒன்றைத் தேரவேண்டிய நெருக்கடியில் அவர் நின்றார்.

மடலும் மறுமொழியும்

காந்தி ஒரு மடல் எழுதினார். பிரைட்டனில் கண்ட நாள்முதல் அம்மையார் தம்மை மகனைப்போல் பேணியதை அதில் நன்றியுடன் குறிப்பிட்டார். தாம் சிறு வயதிலேயே மணமானவர் என்பதையும், ஒரு மகனுக்குத் தந்தை என்பதையும், அதனை மறைத்தது தவறு என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். அப்பெண்ணிடம் தாம் வரம்பு மீறி நடந்ததில்லை என உறுதி கூறினார். இம்மடலுக்குப்பின் தம்மை விருந்துக்குத் தகுதியற்றவராக அம்மையார் கருதினாலும் வருந்தப்போவதில்லை என்றும் தெரிவித்தார். அம்மடலை ஒரே முறையில் அவர் எழுதிவிடவில்லை. பலமுறை திருத்தித் திருத்தியே எழுதினார். அனுப்பியபின் நெஞ்சில் இருந்த பெருஞ்சுமை இறங்கியது.

மறுமொழி விரைவிலேயே வந்தது. அதில் சினமும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. அவரது வெளிப்படையான மடலைப் படித்துத் தாங்கள் இருவரும் மகிழ்ந்து, வாய்விட்டுச் சிரித்ததாக அம்மையார் எழுதியிருந்தார். அவர் மறைத்தது மன்னிக்கத்தக்கதே என்றும், உண்மையைத் தெரிவித்தது நன்றே என்றும் குறிப்பிட்டார். அழைப்பில் மாற்றமில்லை, வரும் ஞாயிறன்று அவர் வந்து தம் இளமை மணத்தைப் பற்றிக் கூறவேண்டும், அதைக் கேட்டுச் சிரிக்கத் தாங்கள் காத்திருப்பதாகவும் எழுதினார். அதன்பின் தம் திருமணத்தைப் பற்றித் தேவையான இடங்களில் கூறக் காந்தி ஒருபோதும் தயங்கியதில்லை. அம்மையாரின் நட்பும் அவர் நாடு திரும்பிய பின்னரும் நெடுங்காலம் நீடித்தது.

மற்றொரு ஞாயிறு

1893ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவிலும் காந்தி இத்தகைய உதவியைப் பெற்றார். வழக்கு ஒன்றின் பொருட்டு அவர் பிரிட்டோரியா நகரை அடைந்த நாளும் ஞாயிறே. நிறவேற்றுமையால் வழியெங்கும் இழிவுக்கு உள்ளாகி வந்தவரை அழைத்துச் செல்ல நிலையத்தில் எவரும் வந்திருக்கவில்லை. அருகில் நின்ற கறுப்பின அமெரிக்கர் ஒருவர் அவர் நிலையை உணர்ந்து, தமக்குத் தெரிந்த விடுதிக்கு அழைத்துச் சென்றார்.

விடுதி உரிமையாளர் ஜான்ஸ்டன் இடம் தர இசைந்தார். ஆனால் பிற விருந்தினர் வெறுக்கக்கூடும் என அஞ்சி, அறையிலேயே உணவு உண்ணுமாறு வேண்டினார். சற்று நேரத்தில் அவரே திரும்பி வந்தார். அவ்வாறு கூறியதற்குத் தாம் நாணுவதாகவும், விருந்தினரைக் கேட்டபோது அவர்கள் மறுக்கவில்லை என்றும் கூறி, உணவுக்கூடத்திற்கு அழைத்துச் சென்றார். அன்று மடல் எழுதிய மாணவர் தம் நாணத்தைக் கடந்தார். இன்று விடுதிக்காரர் தம் அச்சத்தைக் கடந்தார். இருவரும் மனத்தில் இருந்ததை மறைக்காமல் சொன்னதால்தான் விருந்து தடையின்றி நடந்தது.

நிறைவாக

பிரைட்டன் அம்மையாரின் பெயரைக் காந்தியடிகள் தம் வரலாற்று நூலில் குறிப்பிடவில்லை. பிரிட்டோரியாவில் வழிகாட்டியவரின் பெயரும் அங்கு இல்லை. ஆயினும் அவர்கள் செய்த உதவியை ஆண்டுகள் பல கடந்தும் நினைவுகூர்ந்து எழுதினார். அம்மையாரின் அன்பைப் போற்றிய அதே பக்கங்களில், அவரிடம் தாம் மறைத்த பொய்யையும் குறைக்காமல் பதிவு செய்தார். அந்த அன்புக்குக் கைம்மாறாகப் பொருளோ புகழ்மொழியோ அவர் தரவில்லை. இழப்பு நேரும் என அறிந்தும் உண்மையைத் தந்தார். அம்மையார் ஏற்று மகிழ்ந்ததும் அதனையே.

தெரியுமா?

காந்தியடிகளின் தன்வரலாறு 'நவஜீவன்' இதழில் 1925 முதல் 1929 வரை குஜராத்தி மொழியில் தொடராக வெளிவந்தது. அதனை மகாதேவ் தேசாய் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். தமிழில் அந்நூல் 'சத்திய சோதனை' எனப் பெயர்பெற்றது.

கற்பவை கற்றபின்

1. கப்பலிலும் பிரைட்டன் விடுதியிலும் காந்தி எதிர்கொண்ட இடர்ப்பாடுகளை ஒப்பிட்டு எழுதுக.
2. அம்மையாரின் மறுமொழி சினத்துடன் வந்திருந்தாலும் காந்தி மடல் எழுதியது சரியே எனக் கருதுவீரா? வகுப்பில் கலந்துரையாடுக.
3. அறியாத ஊரில் முன்பின் அறியாதவர் உமக்கோ உம் குடும்பத்தாருக்கோ செய்த உதவியை ஒரு பக்க அளவில் எழுதி வகுப்பில் படித்துக்காட்டுக.